மாங்காய்ச் சொனையும் முந்திரி எண்ணெயும்

(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சித்திரை பிறந்து விட்டால் நம்ம பெரியகுளம், போடி வட்டாரத்தில் மாங்காய்ப் பறிப்பு மும்முரமாகி விடும். பழனிசெட்டிபட்டியிலிருந்தும் சுத்துப்பட்டு ஊர்களிலிருந்தும் காய் பறிக்க, பொறுக்க, தரம் பிரிக்க, பெட்டி போட என்று ஆணும் பெண்ணுமாக வேலைக்குப் போய் வருவார்கள். அப்படிப் போய் வந்தவர்களில் சில பேருக்கு ரெண்டொரு நாள் கழித்துக் கையிலும் கழுத்திலும் அரிப்பு எடுக்கும். தோல் சிவந்து தடிக்கும். கொப்புளம் கிளம்பி நீர் வடியும். "மாங்காய்ச் சூடு" என்று சிலர் சொல்லி விடுவார்கள். "அம்மை" என்று வேப்பிலை செருகுகிறவர்களும் உண்டு. "அக்கி" என்று செங்காவி எழுதிக் கொள்கிறவர்களும் உண்டு. எப்படியோ ஒரு வாரம், பத்து நாள் கூலி போய் விடும். அடுத்த வருஷம் அதே வேலை, அதே கொப்புளம். முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

இது சூடும் இல்லை, அம்மையும் இல்லை, அக்கியும் இல்லை. மாங்காய்ப் பாலில், அதாவது நாம் சொனை என்று சொல்கிறோமே, அதில் இருக்கிற எண்ணெய்ப் பசை தோலில் ஊறுவதால் வருகிற ஒவ்வாமை. காரணம் தெரிந்து கொண்டால் இதைப் பெரும்பாலும் தடுத்து விடலாம். பைசா செலவும் அதிகம் இல்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரே குடும்பத்து மரங்கள்

மாமரமும் முந்திரி மரமும் பங்காளிகள் என்று சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தாவர சாஸ்திரத்தில் இரண்டும் ஒரே குடும்பம். முந்திரிக் குடும்பம் என்றே அதற்குப் பெயர். உலகம் பூராவும் இந்தக் குடும்பத்தில் சுமார் 80 பேரினங்கள் இருக்கின்றன. மா நம்ம நாட்டுக்கே உரியது. முந்திரி பிரேசில் நாட்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. வேலியில் நிற்கிற ஒதிய மரம், மலையில் கிடைக்கிற சாரப்பருப்பு மரம், பாயசத்தில் போடுகிற பிஸ்தா எல்லாம் இந்தக் குடும்பம்தான். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற சேராங்கொட்டையும் இதே குடும்பம்.

குடும்பத்தில் எல்லாரும் ஒரே குணமாக இருப்பார்களா? மாட்டார்கள். ஒதிய மரத்தால் தொல்லை வருவது அபூர்வம். மாங்காய்ச் சொனை நடுத்தரம். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் கடுமை. சேராங்கொட்டையின் எண்ணெய் அதைவிடக் கடுமை. ஆனால் இவற்றில் இருக்கிற நச்சுப் பொருள்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி நெருங்கியவை. ஜப்பானில் மரச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றுகிற அரக்கு ஒன்று உண்டு. அதையும் இந்தக் குடும்பத்து மரம் ஒன்றின் பாலில் இருந்துதான் எடுக்கிறார்கள். அந்த அரக்குக்கு அவர்கள் பாஷையில் உருஷி என்று பெயர். அதிலிருந்துதான் அந்த நச்சு எண்ணெய்க்கு உருஷியால் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். முந்திரி ஓட்டில் இருப்பவை கார்டால், கார்டனால், அனகார்டிக் அமிலம். பெயர் எதுவானாலும் எண்ணெய்த் தன்மை உள்ளவை, தோலில் ஒட்டிக் கொள்கிறவை என்பதை மட்டும் மனசில் வைத்துக் கொண்டால் போதும்.

நாலு பேரில் ஒருத்தருக்கு மட்டும் ஏன்?

"நாங்க நாலு பேர் ஒரே மரத்துல காய் பறிச்சோம். மூணு பேருக்கு ஒண்ணும் இல்லை, எனக்கு மட்டும் ஏன் வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நம் உடம்புக்குள்ளே ஒரு காவல்காரன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த எண்ணெய் முதல் தடவை தோலில் இறங்கும்போது சில பேருடைய காவல்காரன் அதைக் கவனிக்காமல் விட்டு விடுகிறான். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சில பேருடைய காவல்காரன் அதைத் திருடன் என்று எண்ணி அடையாளம் பார்த்து வைத்துக் கொள்கிறான். அப்படி மனசில் பதிய ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவன் சும்மா இருக்கிறான். அடுத்த தடவை அதே எண்ணெய் ஒரு துளி பட்டாலும் கம்பைத் தூக்கிக் கொண்டு வந்து விடுகிறான். அவன் சண்டை போடுகிற இடம் நம்ம தோல்தானே! சிவப்பு, தடிப்பு, கொப்புளம் எல்லாம் அந்தச் சண்டையில் ஏற்பட்ட சேதம்தான்.

இதில் ரெண்டு விஷயம் முக்கியம். முதலாவது, "பத்து வருஷமா மாங்காய் பறிக்கிறேன், எனக்கு ஒண்ணும் வராது" என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்து பதினோராவது வருஷம் வந்தவர்களும் உண்டு. இரண்டாவது, ஒரு தரம் அடையாளம் பார்த்துக் கொண்ட காவல்காரன் லேசில் மறக்க மாட்டான். மாங்காயைத் திருடன் என்று பழகியவன், அதன் பங்காளியான முந்திரி எண்ணெயைக் கண்டாலும் கம்பைத் தூக்குவான்.

அந்தச் சண்டை உடனே நடப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் பட்டு அரை நாளிலிருந்து ரெண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் வரும். திங்கட்கிழமை மாங்காய் பறித்தவருக்குப் புதன்கிழமை அரிக்கும். நடுவில் செவ்வாய்க்கிழமை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருப்பார். பழி கருவாட்டு மேலே போய் விடும்! அல்லது மருந்து அடித்திருப்பார். பழி பூச்சி மருந்து மேலே. உண்மைக் காரணமான சொனை தப்பித்துக் கொள்ளும். அதனால்தான் வருஷா வருஷம் அதே தொல்லை தொடர்கிறது. இனிமேல் இந்த மாதிரிக் கொப்புளம் வந்தால், இன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசிக்காதீர்கள். முந்தாநாள் எந்த மரத்தைத் தொட்டோம் என்று யோசியுங்கள்.

பட்டவுடனே சுரீர் என்று எரிந்தால் அது வேறு சங்கதி. காஞ்சொறி இலை பட்டாலும், பூனைக்காலிச் சுணை பட்டாலும் அந்த நிமிஷமே அரிக்கும். பார்த்தீனியச் செடியாலும் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் அரிப்பு வரும். அது வேறு குடும்பம், களை வெட்டுகிறவர்களுக்கு அதிகம் வருவது.

சட்டைக் காலரிலும் வந்தது

இந்த எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஒட்டிக் கொள்ளும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் யார் துணி எது என்று தெரிவதற்காகத் துணியில் கறுப்பாக ஒரு குறி போடுவார்கள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அந்த மை சேராங்கொட்டையிலிருந்து எடுத்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குப் பிடரியிலும் இடுப்பிலும் புண் கிளம்பியது. டாக்டர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். சட்டைக் காலரிலும் கால்சட்டை இடுப்பிலும் சலவைக் குறி எங்கே இருந்ததோ, சரியாக அங்கேதான் புண் இருந்தது. 1943-இல் அமெரிக்க மருத்துவ இதழிலேயே இதைப் பற்றி எழுதினார்கள். வெளுத்துக் காய்ந்த துணியில் இருந்த குறியே இப்படிச் செய்தது என்றால், சொனை தெறித்த சட்டையைத் துவைக்காமல் மறுநாளும் போட்டுக் கொண்டு போனால் என்ன ஆகும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முந்திரியிலும் இப்படி ஒரு சம்பவம் நடந்தது. 1982-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சிறுவர்களின் விளையாட்டுக் குழு ஒன்று நிதி திரட்ட முந்திரிப் பருப்புப் பொட்டலம் விற்றது. அதை வாங்கித் தின்றவர்களில் 54 பேருக்கு உடம்பில் அரிப்பும் தடிப்பும் வந்தன. மொசாம்பிக் நாட்டிலிருந்து வந்த அந்தப் பருப்பில் ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்தன. குற்றம் பருப்பில் இல்லை, ஓட்டில் இருந்தது. நன்றாக உடைத்து, வறுத்து, தோல் நீக்கிய பருப்பால் பெரும்பாலோருக்கு ஒரு கெடுதலும் இல்லை. முந்திரியோ பிஸ்தாவோ தின்ற சில நிமிஷத்தில் உதடு வீங்கி, மூச்சு இரைத்தால் அது இன்னொரு வகை ஒவ்வாமை, உயிருக்கே ஆபத்தானது. தாமதிக்காமல் 108 வண்டியைக் கூப்பிட வேண்டும்.

பறிக்கும் முறையில் இருக்கிறது பாதி வைத்தியம்

மாங்காயில் சொனை எங்கே இருக்கிறது? காம்பும் காயும் சேருகிற இடத்தில் அழுத்தத்தோடு அடைபட்டு இருக்கிறது. காம்பை அந்தக் கணுவில் ஒடித்தால் பீச்சாங்குழல் மாதிரித் தெறிக்கும். முதலில் தெறிக்கிற சொனையில்தான் எண்ணெய் அதிகம். அது முகத்தில் பட்டால் முகம் புண்ணாகும். காயின் மேலே வழிந்தால் காய் புண்ணாகும். ஆமாம், காய்க்கும்தான்! சொனை வழிந்த கோட்டில் காயின் தோல் கறுத்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காயை வியாபாரி ரெண்டாந்தரத்தில் ஒதுக்கி விடுவார். ஆகவே தோட்டக்காரரே, குத்தகைதாரரே, வேலையாட்களின் தோலைக் காப்பாற்றுவதும் உங்கள் காயின் விலையைக் காப்பாற்றுவதும் ஒரே காரியம்தான். தனித்தனியாகச் செலவு இல்லை. எப்படி என்று சொல்கிறேன்.

மரத்தை உலுக்கிக் காயை உதிர்க்க வேண்டாம். வலை கட்டிய தொரட்டியில் கத்தி வைத்து, காயோடு ஒரு விரல் நீளம் காம்பு இருக்கும்படி அறுத்து இறக்குங்கள். காம்பு நீளமாக இருந்தால் சொனை பீச்சாது. மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக் கொண்டு நிற்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டு போய், காயைத் தலைகீழாகப் பிடித்து, காம்பைக் கத்தரிக்கோலால் காயை ஒட்டி நறுக்குங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக் கொள்ளுங்கள். நறுக்கிய காயைக் காம்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி மூங்கில் தட்டியிலோ, இழுத்துக் கட்டிய வலையிலோ அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். சொனை காய் மேலே படாமல் கீழே சொட்டி விடும். வெறும் மண்ணில் வைக்க வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி ஆற வையுங்கள். லிட்டருக்கு 5 கிராம் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுகிற முறையும் உண்டு. காம்பு நறுக்குகிற ஆளுக்குக் கனமான பிளாஸ்டிக் கையுறை வாங்கிக் கொடுங்கள். மெல்லிய ரப்பர் உறையில் இந்த எண்ணெய் ஊடுருவி விடும். முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு அவசியம்.

தின்கிற விஷயத்திலும் ஒரு வார்த்தை. மாம்பழம் தின்றால் வாயைச் சுற்றிப் புண் வருகிறது என்று பழத்தையே ஒதுக்கி விட்டவர்கள் இருக்கிறார்கள். தொல்லை சதையில் இல்லை. தோலிலும் காம்படியிலும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் பழத்தைக் கழுவி, வேறொருவரைத் தோல் சீவித் தரச் சொல்லிச் சதையை மட்டும் தின்று பார்க்கலாம். அப்படியும் வந்தால் விட்டு விட வேண்டியதுதான். பிள்ளைகள் மாங்காயைக் கடித்துக் காம்பை வாயால் பிய்க்கிற பழக்கத்தைத் தடுத்து விடுங்கள்.

முந்திரி உடைக்கிற வீடுகளுக்கு

முந்திரிக் கொட்டையின் ஓடு ரெண்டு அடுக்கு. நடுவில் தேன்கூடு மாதிரி அறைகள். அந்த அறைகளில் இந்த எண்ணெய் நிறைந்திருக்கிறது. ஓட்டின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். பெயிண்டு, வார்னிஷ், வண்டிகளின் பிரேக் கட்டை செய்ய அந்த எண்ணெய் பயன்படுகிறது. நல்ல விலைச் சரக்குத்தான். ஆனால் கையில் பட்டால் தோலை அரித்து விடும். பண்ருட்டி பக்கம் கொட்டை உடைக்கிற தாய்மார்களின் விரல் கறுத்து, தோல் உரிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவர்கள் விரலில் விளக்கெண்ணெய் தடவி, சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. முன்கூட்டித் தடவிய எண்ணெய் தோலுக்கு ஒரு மறைப்பு. சாம்பல் கசிகிற பாலை உறிஞ்சி விடும். கையுறையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் பால் பட்ட பிறகு எண்ணெய் தடவக் கூடாது. தடவினால் பரவும்.

பச்சைக் கொட்டையைப் பல்லால் கடிக்க வேண்டாம். பிள்ளைகள் தோப்பில் சருகைக் கூட்டிக் கொட்டையைச் சுடுவார்கள். ஓடு வெடித்து எண்ணெய் தீப்பிடித்துத் தெறிக்கும். கண்ணுக்கும் முகத்துக்கும் ஆபத்து. முந்திரி ஓட்டை வீட்டு அடுப்பில் எரிக்கவும் கூடாது. எண்ணெய்த் துளிகள் புகையோடு சேர்ந்து வந்து கண்ணிலும் மூச்சுக் குழலிலும் படியும். தோலில் வருகிற கொப்புளத்தைவிட நெஞ்சுக்குள் வருகிற வீக்கம் பொல்லாதது.

மலைக்குப் போகிறவர்களுக்கு

மேற்கு மலைக் காட்டில் சேராங்கொட்டை மரமும், அதன் உறவு மரங்களும் இருக்கின்றன. கேரளத்தில் சேரு என்பார்கள். வெட்டினால் வடிகிற பால் காற்றுப் பட்டதும் கறுத்து விடும். அதுதான் அடையாளம். கத்தியிலும் கட்டையிலும் கறுப்புப் பிசின் தெரிந்தால் கையை எடுத்து விடுங்கள். சேரு மரம் தீண்டி உடம்பு வீங்கினால் தான்றி மரத்தைச் சுற்றி வந்தால் சரியாகும் என்று மலையாளத்துப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. லேசாகப் பட்ட ஒவ்வாமை ரெண்டு மூணு வாரத்தில் தானாகவே ஆறி விடும். பெருமை தான்றிக்குப் போய் விடும். நம்பிக்கை இருந்தால் சுற்றி வாருங்கள், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் குளித்து விடுங்கள்.

சேராங்கொட்டையைச் சித்த வைத்தியத்தில் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. அதை முறைப்படி சுத்தி செய்து, படித்த வைத்தியர் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கி வீட்டிலேயே இடித்து மூட்டுக்குப் போடுவது, புண்ணுக்குப் போடுவது எல்லாம் விபரீதம்.

பட்டு விட்டால் என்ன செய்வது?

முதல் 10 நிமிஷம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் கழுவினால் எண்ணெயின் பெரும்பகுதி போய் விடும். அரை மணி நேரம் தாண்டினால் தோலில் ஊறிப் பிடித்துக் கொள்ளும். அதனால் தோப்பிலேயே ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் வைத்திருங்கள். சாப்பாட்டு வேளைக்குக் கழுவிக் கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். பச்சைத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சோப்பை நன்றாக நுரைத்து, மெதுவாகத் தேய்த்து, மறுபடியும் ஊற்றுங்கள். நகக் கண்ணை மறக்க வேண்டாம். கழுவாத கையால் கண்ணைக் கசக்குவதும், ஒதுங்கப் போவதும்தான் எண்ணெயை உடம்பு பூராவும் கொண்டு போகிறது. தாய்மார்கள் அதே கையால் பிள்ளையைத் தூக்க வேண்டாம். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கத்தி, தொரட்டி, கயிறு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்து போன எண்ணெய் மாசக் கணக்கில் வீரியத்தோடு இருக்கும்.

கொப்புளம் வந்து விட்டால் சொறியக் கூடாது. ஈரத் துணியை ஒத்தி எடுக்கலாம். கேலமைன் என்ற ரோஸ் நிற மருந்துத் திரவம் தடவலாம். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணி, பற்பசை எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு அவர்கள் கொடுக்கிற களிம்பைத் தடவவும் வேண்டாம். முகம், கண், மர்ம உறுப்பு வீங்கினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பில் பல இடத்தில் பரவினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முந்தாநாள் எந்த மரத்தில் வேலை செய்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய உதவி. ரெண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால், நாலு நாளில் அடங்கி விட்டது என்று நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால் திரும்பக் கிளம்பும்.

இன்னொன்று. இந்தக் கொப்புளத்து நீர் பட்டு அடுத்தவருக்கு ஒட்டாது. உடம்பின் வேறு இடத்துக்கும் அந்த நீரால் பரவாது. ஆகவே கொப்புளம் வந்த பெண்ணைத் தனியாக உட்கார வைப்பதும், தட்டை ஒதுக்கி வைப்பதும் தேவையில்லாத காரியம். ஒட்டுவது எண்ணெய் மட்டும்தான். அதைக் கழுவி விட்டால் தீர்ந்தது.

குத்தகைக்குத் தோப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏணி, கூடை, பெட்டி என்று கணக்குப் போடும்போது சோப்பையும் கையுறையையும் ஒரு குடம் தண்ணீரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒரு தடவை கடுமையாக வந்து விட்ட ஆளைக் காம்பு நறுக்க உட்கார வைக்காமல், பெட்டி கட்டுவது, வண்டி ஏற்றுவது என்று வேறு வேலை கொடுங்கள். அவர் கூலியும் போகாது, உங்களுக்கு ஆளும் குறையாது.

வேறு சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார விரிவாக்க மையத்தில் கேளுங்கள், சொல்லக் காத்திருக்கிறோம்.